வேண்டாத சுருதி

(வீட்டு விஞ்ஞானம்)

சுருதியை மாதா என்றும் லயத்தைப் பிதா என்றும் சொல்வது நம் நாட்டு வழக்கம். ஆனால் மாதாவும் அல்லாத, பிதாவும் அல்லாத, அழையாத விருந்தாளியாக வந்து கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொள்ளும் சுருதி ஒன்றும் உண்டு. பாட்டுப் பெட்டியின் விசையைத் தட்டிவிட்டு இசைத்தட்டின்மேல் ஊசியை வைக்கிறோம். வித்துவான் வாய் திறப்பதற்கு முன்பே ஒலிபெருக்கியிலிருந்து "ஊ..." என்று ஒரு நாதம் கிளம்புகிறது. ராகம் மாறினாலும் அது மாறுவதில்லை. தாளம் மாறினாலும் அது அசைவதில்லை. கச்சேரி முடிந்து மங்களம் பாடிய பிறகும் எழுந்து போவதாக உத்தேசமே இல்லை.

ஹைபை என்று சொல்லப்படும் வீட்டுச் சங்கீத சாதனங்களை வைத்திருப்பவர்கள் எல்லாரும் என்றைக்காவது ஒரு நாள் இந்த விருந்தாளியைச் சந்தித்தே இருப்பார்கள். அப்போது அவர்கள் சாதாரணமாகச் செய்வது இரண்டில் ஒன்று. சிலர், "பெட்டி பழசாகிவிட்டது" என்று தீர்மானித்து, கடைக்குப் போய்ப் புதிய பெட்டி வாங்கி வருகிறார்கள்; விருந்தாளி புதிய பெட்டிக்குள்ளும் குடியேறிவிடுகிறான். வேறு சிலர், "எல்லாம் பழகிப் போகும்" என்று பொறுத்துக்கொள்கிறார்கள். சங்கீதத்தின் மிருதுவான பகுதிகளை எல்லாம் அந்த "ஊ" விழுங்கிவிடுகிறது. பண நஷ்டமும் வேண்டாம், பொறுமையும் வேண்டாம். அரை மணி நேரமும், கொஞ்சம் ஒழுங்கான யோசனையும் இருந்தால் பெரும்பாலும் இந்த உபத்திரவத்துக்கு வீட்டிலேயே காரணம் கண்டுபிடித்துவிடலாம்.

நாடி பிடித்துப் பார்த்தல்

வைத்தியர் மருந்தைத் தொடுவதற்கு முன்னால் நோயாளியின் நாடியைத் தொடுகிறார். நாமும் அவ்வாறே முதலில் சப்தத்தின் ஜாதியை அறிந்துகொள்ள வேண்டும். வேண்டாத சப்தங்களை நான்கு ஜாதிகளாகப் பிரிக்கலாம். அடித்தொண்டையிலிருந்து வருவது போன்ற "ஊ..." என்னும் முழக்கம் ஒன்று. குளவி பறப்பது போன்ற "ர்ர்ர்..." என்னும் இரைச்சல் இரண்டாவது. மாவு சலிப்பது போன்ற "உஸ்..." மூன்றாவது. நிலையாக இல்லாமல் அவ்வப்போது பொரி பொரிவது போலப் படபடப்பது நான்காவது. இந்த நான்கிற்கும் காரணம் வேறு, பரிகாரமும் வேறு.

முதல் இரண்டும் நம் வீட்டு மின்சாரத்தின் சந்ததிகள். இந்தியாவில் மின்சாரம் வினாடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் அலைந்து ஓடுகிறது. அமெரிக்காவில் 60 தடவை. அந்த 50 அலை நேராகவே சங்கீதக் கம்பிக்குள் கசிந்தால் "ஊ" என்ற ஆழ்ந்த முழக்கம் பிறக்கும். ஆம்பிளிபயரின் உள்ளே இந்த அலையும் மின்சாரத்தை ஒரே திசையில் ஓடச் செய்யும் ஒரு பகுதி இருக்கிறது. அது ஒவ்வோர் அலையையும் இரண்டு மேடுகளாக மடித்துவிடுவதால், அங்கே பிறக்கும் இரைச்சல் வினாடிக்கு 100 அலைகளும் அதன் மடங்குகளுமாக, சற்று உயர்ந்தும் கரகரப்பாகவும் இருக்கும். மேடுகளைச் சமன்படுத்துவதற்காக அங்கே பெரிய மின்தேக்கிகளை வைத்திருக்கிறார்கள். வருஷங்கள் செல்லச் செல்ல அவை உள்ளே உலர்ந்து சக்தி இழக்கின்றன. இருபது முப்பது வருஷத்துப் பழைய ஆம்பிளிபயர் நாளுக்கு நாள் அதிகமாக முனகினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அவற்றைத்தான்.

சங்கீதம் தெரிந்த வாசகர்களுக்கு ஒரு சுவாரஸ்யமான விஷயம் சொல்லுகிறேன். பெண்கள் பலர் பாடும் ஐந்து கட்டைச் சுருதியின் ஆதார ஷட்ஜம் வினாடிக்கு 196 அலைகள். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே 98. இரண்டு ஸ்தாயி கீழே 49. நம் மின்சாரத்தின் 50, 100, 200 என்னும் அலைகள் ஏறக்குறைய இதே ஸ்வரம், ஒரு மயிரிழை தூக்கல். எனவே ஐந்து கட்டையில் பாடும் பாடகியின் இசைத்தட்டைப் போடும்போது, மின்சார வாரியம் இலவசமாகத் தம்பூரா போடுகிறது. ஆனால் சுருதி சேராத தம்பூரா! சுருதி முற்றும் விலகியிருந்தாலாவது காது அதை வேறொன்று என்று ஒதுக்கிவிடும். கிட்டத்தட்டச் சேர்ந்து, ஆனால் சேராமல் நிற்பதுதான் பல்லைக் கூசச் செய்கிறது.

ஆழ்ந்த ஸ்வரங்கள் நம் காதுக்கு மந்தமாகவே கேட்கும் என்பதை 1933-ம் வருஷத்தில் பிளெச்சர், மன்ஸன் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் அளந்து காட்டினார்கள். ஆகையால் 50 அலை முழக்கத்தைவிட, 100 அலை இரைச்சல் அளவில் சிறியதாக இருந்தாலும் அதிக எரிச்சலைக் கொடுக்கும். எரிச்சலின் அளவைக் கொண்டு நோயின் அளவைத் தீர்மானிக்கக் கூடாது என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

பிரித்துப் பார்க்கும் வித்தை

இனிப் பரீட்சைக்கு வருவோம். காகிதமும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படியிலும் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள், கண்டதை எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு மாற்றங்களை ஒன்றாகச் செய்தால், குணம் கண்டது எந்த மருந்தால் என்பது தெரியாமல் போய்விடும்.

முதற்படி: பாட்டைச் சிறிது நிறுத்திவையுங்கள். இரைச்சலும் உடனே நின்றுவிட்டால் அது பழைய ஒலிப்பதிவிலேயே இருக்கும் இரைச்சல். உங்கள் வீட்டுக் கம்பிகள் நிரபராதிகள். நிற்காவிட்டால் மேலே செல்லுங்கள்.

இரண்டாம் படி: காதை ஒலிபெருக்கியிடம் வைத்துக் கேட்டபின், ஆம்பிளிபயர் பெட்டியின் அருகிலும் வைத்துக் கேளுங்கள். சப்தம் பெட்டியிலிருந்தே வந்தால், உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மரின் இரும்புத் தகடுகள் அதிருகின்றன என்று அர்த்தம். அது காந்த சக்தியால் நேரும் உடல் நடுக்கம். சங்கீதக் கம்பிகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெட்டிக்கு அடியில் தடித்த ரப்பர் வைத்தாலே அலமாரி கூடச் சேர்ந்து முனகுவது நின்றுவிடும்.

மூன்றாம் படி: வால்யூம் திருகை ஏற்றி இறக்குங்கள். இரைச்சலும் கூடவே ஏறி இறங்கினால், அது திருகுக்கு முன்னால், அதாவது இசைத்தட்டு யந்திரம், டெலிவிஷன், கம்ப்யூட்டர் முதலிய ஏதோ ஒரு மூலத்திலிருந்து வருகிறது. மூலங்களை மாற்றும் குமிழைத் திருப்பிப் பார்த்தால் குற்றவாளி எந்த வரிசையில் நிற்கிறான் என்பது தெரிந்துவிடும். திருகைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பின்பும் இரைச்சல் மாறாமல் இருந்தால் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

நான்காம் படி: ஆம்பிளிபயரை அணைத்துவிட்டு, அதற்குள் வரும் எல்லாச் சங்கீதக் கம்பிகளையும் பிடுங்கிவிடுங்கள். மின்சாரக் கம்பியும் ஒலிபெருக்கிக் கம்பியும் மட்டும் இருக்கட்டும். திருகைப் பூஜ்யத்தில் வைத்து மறுபடியும் விசையைப் போடுங்கள். இப்போதும் இரைச்சல் இருந்தால் நோய் ஆம்பிளிபயரின் வயிற்றுக்குள் இருக்கிறது. அது நிபுணரிடம் போக வேண்டியதுதான். இரைச்சல் மாயமாய் மறைந்துவிட்டால் சந்தோஷப்படுங்கள். பெட்டி உத்தமமானது, குற்றம் கம்பிகளின் சேர்க்கையில்.

ஐந்தாம் படி: அணைத்துவிட்டு ஒரே ஒரு கம்பியைச் சொருகுங்கள். மீண்டும் போட்டுக் கேளுங்கள். பிறகு அடுத்தது. எந்தக் கம்பியைச் சொருகியதும் "ஊ" என்கிறதோ அதுவே வழி. ஒவ்வொரு தடவையும் அணைத்துவிட்டே சொருக வேண்டும். இல்லையேல் படாரென்று எழும் சப்தம் ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பைக் கிழித்துவிடக்கூடும்.

இரண்டு எர்த் செய்யும் கலகம்

ஐந்தாம் படியில் அகப்படும் குற்றவாளி பெரும்பாலும் ஒருவனே. அவனை எர்த் வளையம் என்று சொல்லலாம்.

இரண்டு தொட்டிகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அடியில் ஒரு குழாய் அவற்றை இணைக்கிறது. நீர்மட்டம் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தால் குழாயில் ஓட்டம் இல்லை. ஒரு தொட்டியின் மட்டம் நூலளவு உயர்ந்தாலும் குழாயில் நீர் ஓடத் தொடங்கிவிடும். வீட்டில் ஆம்பிளிபயர் ஒரு சுவர்ப் பிளக்கின் வழியாக எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. டெலிவிஷனோ, மாடியிலிருந்து வரும் ஆன்டெனாக் கம்பி வழியாக வேறோர் இடத்தில் பூமியைத் தொடுகிறது. "பூமி எங்கும் பூமிதானே?" என்று கேட்பீர்கள். மின்சாரத்தின் கணக்கில் அப்படியல்ல. இரண்டு எர்த்களுக்கும் இடையே மிகச் சிறிய மட்ட வித்தியாசம் எப்போதும் இருக்கும். இந்த இரண்டு சாதனங்களையும் ஒரு சங்கீதக் கம்பியால் இணைத்தோமானால் அந்தக் கம்பியின் மேலுறையான உலோக வலை ஒரு குழாயாகிவிடுகிறது. வித்தியாசத்தால் எழும் 50 அலை ஓட்டம் அதன் வழியே பாய்ந்து சங்கீதத்தோடு கலந்துவிடுகிறது. இது போதாதென்று, கம்பிகள் சேர்ந்து பெரிய வளையமாகி, அருகிலுள்ள டிரான்ஸ்பார்மர்களின் காந்த அலையையும் வாங்கிக்கொள்கின்றன. மாறும் காந்தப் புலம் கம்பி வளையத்தில் மின்சாரத்தை உண்டாக்கும் என்று 1831-ல் மைக்கேல் பாரடே கண்டுபிடித்த தத்துவமே இங்கு நமக்கு விரோதமாக வேலை செய்கிறது.

ஒரு விஷயத்தை இங்கே கவனிக்க வேண்டும். மூலங்களை மாற்றும் குமிழ், சாதாரணமாக, கம்பியின் நடுவிலுள்ள சங்கீத நரம்பைத்தான் துண்டிக்கிறது. மேலுறை வலைகள் எல்லாம் பெட்டிக்குள் எப்போதும் ஒன்றாகவே பிணைந்திருக்கின்றன. ஆகவே டெலிவிஷனை அணைத்துவிட்டு வேறு மூலத்துக்குத் திருப்பிவிட்டாலும் வளையம் அறுபடுவதில்லை. கம்பியைப் பிடுங்கினால்தான் அறுபடும். "டெலிவிஷன்தான் அணைந்து கிடக்கிறதே, அதை ஏன் சந்தேகிக்கிறீர்கள்?" என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

மாடி வீட்டுப் பெரியவர்

எங்கள் தெருவில் மாடி வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தாயார் பாடிய தாலாட்டு ஒன்று பழைய காஸெட்டில் இருக்கிறது. யாரோ உறவினர் கூடத்தின் மூலையில் வைத்துப் பிடித்தது. ஆகையால் குரல் மிகவும் சன்னம். பேத்திக்கு அதைப் போட்டுக் காட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆனால் புது டெலிவிஷன் வீட்டுக்கு வந்த நாள் முதல் ஆம்பிளிபயர் ஊளையிடத் தொடங்கியிருந்தது. கொள்ளுப்பாட்டியின் குரல் அந்த ஊளையில் அமிழ்ந்துவிட்டது.

பழுது பார்க்கும் ஒருவரை அவர் வரவழைத்திருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது அந்த மனிதர் கையில் மூன்று கால் பிளக்கும் குறடுமாக உட்கார்ந்திருந்தார்.

"இந்தப் பெரிய காலை எடுத்துட்டா சத்தம் நின்னுடும் சார். நிறைய வீட்டுல இப்படித்தான் செஞ்சு குடுத்திருக்கேன்" என்றார்.

பெரியவர் என்னைப் பார்த்தார். "என்ன வாத்தியாரே, எடுத்துடலாமா? சத்தம் நின்னாப் போதும்னு இருக்கு."

"சத்தம் நிக்கும் ஐயா. அது வாஸ்தவம்தான். ஆனா அந்தக் கால் சத்தத்துக்காக வெச்சதில்லை; உங்க பேத்திக்காக வெச்சது" என்றேன்.

அப்போது அந்தக் குழந்தை ஆம்பிளிபயரின் வெள்ளி முகத்தில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கைகளும் உலோகப் பெட்டியின்மேல் இருந்தன.

வாசகர்கள் இந்த இடத்தை ஊன்றிப் படிக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறேன். நம் மூன்று கால் பிளக்கில் மேலே இருக்கும் தடித்த, நீண்ட கால்தான் எர்த். சொருகும்போது மற்ற இரண்டுக்கும் முன்னால் அது சேர்ந்து, பிடுங்கும்போது கடைசியாகப் பிரிய வேண்டும் என்பதற்காகவே அதை நீளமாகச் செய்திருக்கிறார்கள். உள்ளே என்றாவது ஒரு நாள் கம்பியின் உறை கிழிந்து 230 வோல்ட் மின்சாரம் உலோகப் பெட்டியைத் தொடுமானால், எர்த் கம்பி அதை வேகமாகப் பூமிக்குக் கொண்டுபோகும். அந்த வேகத்தில் பியூஸ் எரிந்து மின்சாரம் நின்றுவிடும். எர்த் கால் இல்லாவிட்டால் பியூஸ் எரிவதற்கு வழியில்லை. பெட்டி 230 வோல்ட்டையும் சுமந்துகொண்டு, பார்வைக்குச் சாதுவாக உட்கார்ந்திருக்கும். பாட்டுக்கூட நன்றாகவே பாடும். யாராவது வந்து தொடும் வரையில்!

ஊளை ஒரு தொந்தரவு. எர்த் இல்லாத பெட்டி ஓர் ஆபத்து. தொந்தரவு சப்தம் போடுகிறது. ஆபத்து மௌனமாக இருக்கிறது. மௌனம் கிடைத்ததே என்று மகிழ்ந்து ஆபத்தை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளும் காரியத்தை ஒருநாளும் செய்யக்கூடாது. "நிறைய வீட்டில் இப்படித்தான்" என்ற வார்த்தை எனக்கு இன்றைக்கும் கவலையைத் தருகிறது. இதைப் படிப்பவர்கள் தங்கள் வீட்டுப் பிளக்குகளை ஒரு தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தால் இந்தக் கட்டுரை எழுதிய பலன் கிட்டிவிடும்.

பிறகு பெரியவர் வீட்டில் முன் சொன்ன ஐந்து படிகளையும் செய்து பார்த்தோம். எல்லாக் கம்பிகளையும் பிடுங்கியதும் பெட்டி ஊமையாயிற்று. காஸெட் யந்திரத்தைச் சொருகினோம், சப்தம் இல்லை. டெலிவிஷன் கம்பியைச் சொருகியதுதான் தாமதம், "ஊ" என்றது. மாடியிலிருந்து வரும் டிஷ் கம்பியைப் பெட்டியிலிருந்து கழற்றினோம், நின்றது. வளையம் அகப்பட்டுவிட்டது. பழுது பார்க்க வந்தவரும் குறடைக் கீழே வைத்துவிட்டு, "இது நல்ல வழியா இருக்கே சார்" என்று நிஷ்கபடமாகச் சந்தோஷப்பட்டார். டெலிவிஷனிலிருந்து ஆம்பிளிபயருக்குச் செம்புக் கம்பிக்குப் பதிலாக ஒளியிழைக் கம்பியைப் போடச் சொன்னேன். அதில் சங்கீதம் வெளிச்சமாகச் செல்லுகிறது; மின்சாரம் செல்ல வழியே இல்லை; ஆகையால் வளையமும் இல்லை. அவருடைய ஆம்பிளிபயர் பழைய மாதிரியானதால், வெளிச்சத்தை மறுபடி மின்சாரமாக மாற்றும் சிறு பெட்டி ஒன்றும் இடையில் வைக்க வேண்டியிருந்தது. மறுநாள் மாலை நான் படியேறும்போதே தாலாட்டுக் கேட்டது.

ஒளியிழைக்கு வசதி இல்லாதவர்கள் சங்கீதக் கம்பியின் நடுவே சிறிய தனிப்படுத்தும் டிரான்ஸ்பார்மர் ஒன்றை வைக்கலாம். அதில் இரண்டு பக்கத்துக்கும் உலோகத் தொடர்பு கிடையாது. காந்த சக்தியின் வழியாகச் சங்கீதம் மட்டும் தாண்டிச் செல்லும். இதைவிட எளிதான யுக்தியை முதலில் செய்து பார்க்கலாம்: சங்கீத சாதனங்கள் எல்லாவற்றையும் ஒரே சுவர்ப் பிளக்கிலிருந்து கிளைக்கும் பலகையில் சொருகிவிடுவது. எர்த் ஒன்றாகிவிட்டால் மட்ட வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிடும். ஆனால் அதே பலகையில் இஸ்திரிப் பெட்டியையும் சொருகிவிடாதீர்கள்!

எர்த்தே இல்லாத வீடுகளும் உண்டு. சுவரில் மூன்று துவாரம் இருக்கும். மேல் துவாரத்துக்குப் பின்னால் கம்பி இருக்காது. பெட்டியின் உலோகத்தைப் புறங்கையால் தடவும்போது மெல்லிய சுருக்கென்ற உணர்ச்சி ஏற்பட்டாலும், கையை வைத்ததும் இரைச்சல் குறைந்து எடுத்ததும் கூடினாலும், எர்த் சரியில்லை என்று சந்தேகிக்கலாம். அப்போது சங்கீதத்தை ஒத்திவைத்துவிட்டு, லைசென்ஸ் பெற்ற எலெக்டிரீஷியனைக் கூப்பிடுவதே விவேகம்.

இசைத்தட்டுக்காரர்களுக்குத் தனியாக

கம்பாக்ட் டிஸ்க் யந்திரம் கொடுக்கும் மின்சாரம் உச்சத்தில் சுமார் 2 வோல்ட், அதாவது 2,000 மில்லிவோல்ட். இசைத்தட்டு ஊசி கொடுப்பதோ, காந்தம் அசையும் வகையில் சுமார் 5 மில்லிவோல்ட். சுருள் அசையும் வகையில் ஒரு மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. ஒரே ஒரு மில்லிவோல்ட் முழக்கம் உள்ளே நுழைந்தால் முன்னதற்கு அது கடலில் கரைத்த பெருங்காயம். பின்னதற்குச் சங்கீதத்துக்குச் சமமான பக்கவாத்தியம்.

இன்னொரு கஷ்டமும் உண்டு. இசைத்தட்டில் ஆழ்ந்த ஸ்வரங்களை முழு அளவில் பதித்தால் ஊசி ஓடும் வரிகள் ஒன்றோடொன்று மோதிவிடும். ஆகையால் பதியும்போது அவற்றைக் குறைத்து, கேட்கும்போது ஆம்பிளிபயரில் கூட்டிக்கொள்ளுகிறார்கள். 1954 முதல் பொதுவாக ஏற்கப்பட்ட விதிப்படி, நடுத்தரமான 1,000 அலையை நோக்க 50 அலை சுமார் ஏழு மடங்கு பெருக்கப்படுகிறது. நம் மின்சாரத்தின் முழக்கமும் அதே 50 அலையாதலால், அதுவும் இந்த ராஜ மரியாதைக்குப் பாத்திரமாகிவிடுகிறது.

ஆதலால் இசைத்தட்டுக்காரர்கள் மூன்று காரியங்களைக் கவனிக்க வேண்டும். இசைத்தட்டு யந்திரத்திலிருந்து வரும் மெல்லிய தனி எர்த் கம்பியை, ஆம்பிளிபயரின் பின்புறத்தில் அதற்கென்று இருக்கும் திருகில் இறுக்க வேண்டும். அது நழுவினாலே வீடு அதிரும். யந்திரத்தை ஆம்பிளிபயரின் தலைமேல் ஏற்றி வைக்கக் கூடாது. ஊசிக்கை தட்டின் குறுக்கே நகர நகர முழக்கம் கூடினால், பக்கத்திலுள்ள டிரான்ஸ்பார்மரின் காந்தத்தை ஊசி வாங்குகிறது என்று அறிந்து இரண்டையும் ஒரு முழம் விலக்குங்கள். ஒலிபெருக்கியும் யந்திரமும் ஒரே பலகையில் நிற்கவும் கூடாது. ஒலியின் அதிர்வு ஊசிக்குத் திரும்பி வந்து, அதுவே மீண்டும் ஒலியாகி, ஓயாத ஓலமாகப் பெருகிவிடும்.

மற்றச் சில்லறைக் குற்றவாளிகள்

விசிறியைச் சுழற்றியதும் "ர்ர்ர்" என்று தொடங்கி, நிறுத்தியதும் அடங்கினால், குற்றம் விசிறியின் எலெக்டிரானிக் ரெகுலேட்டருடையது. அவற்றில் சில வகைகள் மின்சார அலையை நறுக்கி நறுக்கி அனுப்புகின்றன. நறுக்கிய ஓரங்கள் கரகரக்கின்றன. விளக்கின் வெளிச்சத்தைக் குறைக்கும் திருகுகளும் அந்த ஜாதியே. லாப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கியதும் இரைச்சல் நின்றால் அதைத் தண்டிக்கலாம். "டிட் டிட் டிட்" என்று துடித்த பிறகு டெலிபோன் மணி அடித்தால், பழைய 2ஜி முறையில் வேலை செய்யும் கைபேசி வினாடிக்குச் சுமார் 217 தடவை விட்டுவிட்டு அனுப்பும் ரேடியோ அலையே அது. கைபேசியை இரண்டடி தள்ளி வையுங்கள். மின்சாரக் கம்பியும் சங்கீதக் கம்பியும் ஒன்றாகப் பின்னிக் கிடக்க வேண்டாம். குறுக்கிட்டே ஆக வேண்டுமானால் கூட்டல் குறி போலக் குறுக்கிடட்டும்.

படபடப்பு வால்யூம் திருகைத் திருப்பும்போது மட்டும் கேட்டால் அது தூசியின் வேலை. அணைத்துவிட்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இருபது தடவை திருப்புங்கள். போதாவிட்டால் இதற்கென்றே விற்கும் சுத்தம் செய்யும் திரவத்தை நிபுணர் ஒருவர் தெளித்துக் கொடுப்பார். பிளக்குகளைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்துச் சொருகினாலே பல படபடப்புகள் போய்விடும். கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் உலோகம் களிம்பேறுவது சகஜம்.

"உஸ்" என்னும் சப்தம் மட்டும் தனி ஜாதி. அதை அறவே ஒழிக்க முடியாது. உஷ்ணமுள்ள எந்தக் கம்பியிலும் எலெக்டிரான்கள் ஓயாமல் துள்ளிக்கொண்டிருக்கின்றன என்றும், அந்தத் துள்ளலே இந்தச் சப்தம் என்றும் 1928-ல் ஜான்ஸன் அளந்து காட்டினார். அதன் கணக்கை நைகுவிஸ்ட் வகுத்தார். பத்தாயிரம் ஓம் தடையுள்ள ஒரு சாதாரணத் துண்டு, அறையின் உஷ்ணத்தில், காதுக்கு எட்டும் எல்லைக்குள் வோல்ட்டின் பத்து லட்சத்தில் சுமார் இரண்டு பங்கு அளவுக்கு இரைந்துகொண்டே இருக்கும். 35 டிகிரி வெயிலில் சென்னையில் இருக்கும் பெட்டியை 15 டிகிரி குளிரில் உதகமண்டலத்தில் கொண்டுபோய் வைத்தாலும் அது நூற்றுக்கு நான்கு பங்குகூடக் குறையாது. நாம் செய்யக்கூடியது ஒன்றே: மூலத்தின் சப்தத்தை நன்றாக ஏற்றி, ஆம்பிளிபயரின் திருகை இறக்கி வைப்பது. கைபேசியிலிருந்து கம்பி போட்டுக் கேட்பவர்கள் கைபேசியின் வால்யூமைப் பாதிக்கு வைத்து ஆம்பிளிபயரை முழுக்கத் திருப்பினால் "உஸ்" என்பதையும் சேர்த்தே பெருக்கிக்கொள்ளுகிறார்கள்.

விலையுயர்ந்த கம்பி வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொல்லக்கூடும். கம்பி அறுந்தோ, மேலுறை பிரிந்தோ இருந்தால் புதிது வாங்குவது நியாயம். ஆனால் எர்த் வளையத்தைத் தங்கக் கம்பியால் செய்தாலும் அது வளையமாகவே இருக்கும். காரணம் தெரிந்த பிறகு கடைக்குப் போங்கள். காரணத்தைத் தேடிக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. ஆம்பிளிபயரின் மூடியைத் திறக்கும் வேலையை நாம் மேற்கொள்ளக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்தேக்கிகள் மின்சாரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டிருக்கும். வால்வுப் பெட்டிகளில் அது சில நூறு வோல்ட்டுகளாகவும் இருக்கலாம். வெளியிலுள்ள கம்பிகளோடு நம் அதிகாரம் முடிந்தது.

இத்தனையும் செய்து முடித்த பிறகு, ஒரு நாள் இரவு வீடு அடங்கிய நேரத்தில் பெட்டியைப் போட்டுவிட்டுப் பாட்டுப் போடாமல் சற்று உட்கார்ந்து கேளுங்கள். ஒலிபெருக்கியிலிருந்து ஒன்றும் கேட்காது. அந்த ஒன்றுமில்லாமையில்தான் நல்ல தம்பூராவின் முதல் மீட்டு முழுமையாக விழும். பிளக்கின் மூன்றாவது கால் அதன் இடத்தில் பத்திரமாக இருக்கிறதா என்பதையும் அப்போது ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.